மடுக்களைப் பற்றி அண்ணன் எழுதியது

என் அண்ணன் வைசன் நமசாசுவை, சில்வா என்கிற ஏரியின் கரையிலுள்ள ஊர்களில், மீன் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. அவர் சைக்கிள் தூரத்தில் தெரிந்ததுமே வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆட்களில் ஒருவர் ஆரம்பிப்பார். "டாக்டரே, நேத்து பிடிச்ச கெளுத்திக்கு ஒரே தலைவலி. ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க." அண்ணன் இறங்கி, கெளுத்தியின் தலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசி பத்தாது, வெங்காயமும் தக்காளியும்தான் மருந்து" என்பார். எத்தனை முறை கேட்டாலும் அவர்களுக்கு அலுக்காது.

சோம்பா நகரத்தில் ஒரு கல்லூரியில் அவர் பாடம் சொல்லித் தந்துகொண்டிருந்தார். அண்ணி இறந்தபிறகு அவருக்குச் சமைத்துப் போட ஆளில்லை. ஜோகன்னஸ்பர்க்கிற்கு வேலைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. அதனால் நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவர் ஆங்கிலத்தில் எழுதியதை என்னால் வாசிக்க முடியாது. எழுதும்போது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார், எப்போது எழுந்து போனார் என்பதைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஏரி ஆழமில்லாதது. மழை ஏமாற்றும் வருடங்களில் முழுதாக வற்றிவிடும். படகுகள் வெடித்த சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆண்கள் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். பிறகு ஒரு நல்ல மழை வந்து ஏரி நிறைந்தால், கொஞ்ச காலத்தில் மீனும் வந்துவிடும். அது எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓடைகள் ஏரியில் சேரும் இடத்தில், நாணலுக்குள்ளே, மடுக்கள் உண்டு. ஏரி வற்றினாலும் அவை வற்றுவதில்லை. வறண்ட வருடத்தில் மடுவில் வலை போடக் கூடாது என்பது ஊர்த்தலைவியின் கட்டளை. எவ்வளவு பசித்தாலும் அதை மீறமாட்டார்கள்.

அண்ணன் பிறந்ததே அப்படி ஒரு வறண்ட வருடத்தில்தான். பசியோடு பெற்றதால்தான் இவன் இப்படி மீனையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அம்மா சொல்வார். ஊருக்குத் தெரிந்த அந்த விஷயத்தை எண்களால் நிரூபிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஏரி வற்றியபோது மடுக்களில் கூடை வைத்துப் பிடித்த மீன்களின் வயிற்றுத் துடுப்பு ஒன்றை நறுக்கிவிட்டு, திரும்ப அதே தண்ணீரில் விடுவார். மழை வந்து ஏரி நிறைந்தபிறகு, நடு ஏரியில் பிடிபடும் மீன்களில் துடுப்பு நறுக்கியவை உண்டா என்று தேடுவார். காயப்போடும் பரணில் மீனைப் பரப்பும் பெண்கள்தான் அவற்றைத் தனியே எடுத்து வைத்தார்கள். எங்கள் மூத்த அக்கா ஃபைனெஸும் அவள் மகள் எலூபியும் அதில் கெட்டிக்காரிகள். அக்கா ஊரிலிருந்து போன் செய்து, "தம்பி, நீ காது குத்தி அனுப்பின பிள்ளைங்க வந்து சேர்ந்துருச்சுங்க" என்பாள். மறுநாளே அண்ணன் சைக்கிளை எடுத்துவிடுவார்.

இதைக் கட்டுரையாக எழுதி முடித்து வெளிநாட்டு அறிவியல் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். முதல் பத்திரிகை உடனே திருப்பி அனுப்பிவிட்டது. ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஏரியைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்டிருந்தார்களாம். இரண்டாவது பத்திரிகை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கச் சொன்னது. தன்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது ஆங்கில வாத்தியார்கள் என்று சொல்லி அண்ணன் சிரித்தார். மூன்றாவது இடத்தில், கட்டுரையைப் படித்துத் தகுதி சொல்லும் நடுவர் ஒருவர், மடுக்கள் வற்றுவதில்லை என்று ஊரார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, இது இதற்கு முன் எந்தப் புத்தகத்தில் வந்திருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள் என்று கேட்டிருந்தார். அன்று அண்ணன் சிரிக்கவில்லை. "ஃபைனெஸ் அக்காவ எந்தப் புத்தகம்னு போடறது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கல்லூரியில் அவருடன் வேலை பார்த்த சிக்வெசே அடிக்கடி வீட்டுக்கு வருவார். அவர் ஒரு குறுக்கு வழி சொன்னார். மேலே ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் போட்டுவிட்டால் கதவு தானாகத் திறக்கும் என்றார். சேற்றில் இறங்கினவர்கள் பெயரைத்தான் போடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். சிக்வெசே நல்ல மனிதர்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பரீட்சை நெருங்கும்போது மாணவர்கள் ஆளுக்கொரு சாவைச் சொல்லி விடுப்புக் கேட்பதை நடித்துக் காட்டுவார். ஒரே பையன் ஒரே அத்தையை நான்கு முறை சாகடித்த கதையை எனக்காகத் திரும்பத் திரும்பச் சொல்வார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அவரும் அப்படிப் பலரை விரட்டியவர்தான்.

இதற்கிடையில் பாசனத் திட்டம் ஒன்று வந்தது. ஓடை வாயை நேராக வெட்டி, மடுக்களை மண் போட்டு மூடி, நெல் வயலாக்குவது என்று முடிவாகியிருந்தது. ஊரில் சிலருக்கு அது பிடித்துமிருந்தது. நெல்லுக்கு விலை உண்டு. ஊர்த்தலைவி ம்போசா அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் திட்டக் குழுவின் கூட்டத்துக்குப் போய், மடுக்களை மூடினால் அடுத்த வறட்சிக்குப் பிறகு ஏரிக்கு மீன் திரும்பாது என்று சொன்னார். பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாராம்.

"ஐயா, நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா வெளிநாட்டுல அச்சான கட்டுரை ஏதாவது இருந்தா குடுங்க, கோப்புல சேர்த்துடறேன். வெறும் வாயால நான் மேல போய் எப்படிப் பேசறது?"

மக்காச்சோள அறுவடை முடிந்ததும் குழு மறுபடி கூடும், அதற்குப் பிறகுதான் குளிர்காலத்தில் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கும் என்றார்கள். அதற்குள் கட்டுரை வெளியானால் போதும். ஏற்றுக்கொண்டோம் என்ற உறுதி வந்தாலும் போதும். அண்ணன் ஊருக்குப் போய் இதைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

"பேப்பர் வந்தா மெஷின் நிக்குமா?" என்று ஊர்த்தலைவி கேட்டார்.

"நிக்கும்னுதான் சொல்றாங்கம்மா."

"அப்ப நீ போ. இங்க ஏன் உக்காந்திருக்க, போய் எழுது."

மழை தொடங்கிய சமயத்தில் வேறொரு பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. இரண்டு நடுவர்களும் கட்டுரையை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சில கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஒரு கணக்கைத் திரும்பச் செய்து, குறித்த தேதிக்குள் அனுப்பிவிட்டால் வெளியிடுவார்கள். அன்று அண்ணன் சந்தையிலிருந்து கோழி வாங்கிவந்தார். அதைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளி விட்டு வரும் பையன் மாதிரி வாசலில் நின்றார்.

அந்த வாரமே எங்கள் தாய்மாமன் இறந்துபோனார். எங்களில் தாய்வழிதான் குடும்பம். அக்கா தங்கைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு தாய்மாமனின் பொறுப்பில் இருப்பார்கள். கல்யாணமோ வழக்கோ சாவோ, அவர் வார்த்தை இல்லாமல் எதுவும் நடக்காது. மாமா போனபிறகு அந்த இடம் அண்ணனுக்கு வந்தது. அடக்கம் முடிந்து, மொட்டையடிக்கும் சடங்கும் முடிந்தபிறகுதான் அவரால் சோம்பாவுக்குத் திரும்ப முடிந்தது. பத்திரிகைக்கு நடந்ததை எழுதினார். ஆசிரியராக இருந்த அம்மாள் இரங்கல் சொல்லி, தேதியைத் தள்ளிக் கொடுத்தார். "முகம் தெரியாதவங்க, பாரு" என்று அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது.

பிறகு ராப்பகலாக உட்கார்ந்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மழையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போது எழுதுவார். போனால் கல்லூரியில் மின்சார இயந்திரம் ஓடும் அறைக்கு நடந்து போவார். அவர் பாதியில் விட்ட ந்சிமா, எங்கள் மக்காச்சோளக் களி, தட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். எப்படியோ எழுதி எழுதிக் கடைசிக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி என்றார்.

அப்போதுதான் ஊரிலிருந்து போன் வந்தது. எலூபிக்குப் பிரசவ வலி. பாதையெல்லாம் தண்ணீர். சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் குழந்தை பிறந்துவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் எலூபி போய்விட்டாள்.

அண்ணன் கணினியைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். நானும் போனேன். அங்கே போனதும் பையை என்னிடம் கொடுத்தார். நான் அதை இடுப்பில் சுற்றும் ஒரு சிதென்ஜே துணியில் சுற்றி, மழைநீர் படாமல் உத்தரத்தில் தொங்கவிட்டேன். தாய்மாமன் அவர்தான். சவப்பெட்டிக்கு மரம் எங்கே அறுப்பது, குழியை எந்தப் பக்கம் வெட்டுவது எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடந்தது. எலூபியின் கணவன் வீட்டார் குழந்தையைத் தங்களோடு எடுத்துப்போவதாக ஒரு பேச்சைக் கிளப்பினார்கள். அதையும் அவர்தான் உட்கார்ந்து பேசித் தீர்த்தார். ஃபைனெஸ் அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய தேதி நெருங்குவது எனக்குத் தெரியும். ஊருக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால் போனுக்கு அலை கிடைக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, போன தடவை மாதிரி ஒரு வரி எழுதிப் போட்டுடுங்களேன்."

"என்னன்னு எழுதறது?"

"வீட்டுல சாவுன்னு."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கொடுத்தார். "போன தடவையும் சாவுன்னுதானே எழுதினேன். அந்த ஈரம் இன்னும் காயல. அவங்க ஊர்ல ஒரு மனுஷனுக்கு இப்படி அடுக்கடுக்கா சாவு வருமா? சிக்வெசே சொல்ற அத்தை கதைதான் ஆகும். சிரிப்பாங்க. எலூபிய நான் சாக்கா சொல்ல மாட்டேன், எஸ்னாத்."

நான் குவளையோடு திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. கடன் கொடுத்தவன்கூடச் சாவு வீட்டில் தலை மழிக்கும்வரை வாசலுக்கு வரமாட்டான். நாலு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள், திரும்பிப் போனதும் முழுதாக முடித்து அனுப்பிவிடலாம் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சோம்பாவுக்கு வந்து கடைசிக் கேள்விக்கும் பதில் எழுதி முடித்து அனுப்பப் போனபோது பத்திரிகையின் இணையப் பக்கம் திறக்கவில்லை. தேதி கடந்துவிட்டதால் கட்டுரை மூடப்பட்டது என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தது. ஆள் எழுதியது இல்லை, இயந்திரம் அனுப்பியது என்றார் அண்ணன். அப்போதுதான் ஆசிரியருக்கு நடந்ததை எல்லாம் எழுதினார்.

அந்த அம்மாளின் பதில் சீக்கிரமே வந்தது. அண்ணன் அதை எனக்கு எங்கள் பேச்சில் சொன்னார். உங்கள் மருமகளுக்காக மிகவும் வருந்துகிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நீங்கள் கேட்கும் அவகாசத்தைக் கொடுத்திருப்பேன். மூடிய கட்டுரையைத் திறக்க என்னால் முடியாது. புதிதாக அனுப்புங்கள், முதலிலிருந்து தொடங்குவோம்.

"ஒரு வரி போதுமாம்" என்றார் அண்ணன்.

பிறகு எழுந்துபோய்த் தோட்டத்துக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் நான் ஊற்றியிருந்தேன்.

புதிதாக அனுப்பினார். பதில் வருவதற்குள் அறுவடை முடிந்து குழு கூடிவிட்டது. பழைய நடுவர்கள் பாராட்டி எழுதியதை அச்செடுத்துக்கொண்டு போனார். பொறியாளர் முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டு, இது கடிதம்தானே ஐயா, கட்டுரை இல்லையே என்றாராம். அவர் குரலில் வருத்தம் இருந்தது என்று அண்ணன் சொன்னார். அதை அண்ணன் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இயந்திரங்கள் குளிர்காலத்தில் வந்தன. மூடுவதற்கு முந்தைய நாள் ஊர்த்தலைவி மடுக்களின் மேலிருந்த தடையை எடுத்துவிட்டார். எப்படியும் மண்ணுக்குள் போகிற மீன், பிள்ளைகளாவது சாப்பிடட்டும் என்றார். பெண்கள் கூடைகளோடு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அத்தனை மீனை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கூடையை அமிழ்த்தினால் நிறைந்து வந்தது. ஆனால் யாரும் பாடவில்லை. வழக்கமாக மீன் வாரும்போது ஒருத்தி மற்றவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாள். அன்று தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

ஃபைனெஸ் அக்கா பேரக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவள் பக்கத்தில் ஒரு சின்னக் குவியல் தனியாக இருந்தது. துடுப்பு நறுக்கிய மீன்கள். சொல்லாமலே கை பிரித்துவிட்டிருந்தது. கரையில் நின்றிருந்த அண்ணனைப் பார்த்து, "தம்பி, இதுங்கள என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

அவர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சமைச்சிடுங்க அக்கா."

புதிய நடுவர்களில் ஒருவர், இன்னொரு வறட்சிக் காலத்திலும் அதே மடுக்களில் மீன் பிடித்துப் பார்த்தால் முடிவு இன்னும் உறுதியாகும் என்று எழுதியிருந்தார். அந்த மடுக்கள் இப்போது இல்லை என்று அண்ணன் பதில் எழுதினார். ஆசிரியர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். ஏழை நாடு என்று வெளியிடுவதற்கான கட்டணத்தையும் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் எனக்கு அண்ணன் இல்லை, சிக்வெசேதான் சொன்னார்.

கட்டுரை வெளிவந்தது. கல்லூரியில் கேக் வெட்டினார்கள், ஃபான்டா கொடுத்தார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சிக்வெசே பேசும்போது, நம் கல்லூரியின் பெயர் அந்தப் பத்திரிகையில் வருவது இதுவே முதல் முறை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் எழுந்து நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. சாம்பியாவில் சதுப்பு நிலத்து மீன்களைப் பார்க்கும் ஒரு பெண், துடுப்பை எந்த அளவுக்கு நறுக்கினால் மீன் பிழைக்கும் என்று கேட்டு எழுதினாள். சாட் நாட்டிலிருந்து ஒருவர் எழுதினார். அண்ணன் எல்லோருக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அப்படி எழுதும்போது அவர் முதுகு நிமிர்ந்திருக்கும்.

ஊருக்குப் போவதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊர்த்தலைவியே ஆள் அனுப்பினார். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுபோனதற்குக் கணக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்டனுப்பியிருந்தார்.

மீன் எடை போடும் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஆண்கள் கட்டைகளிலும் கவிழ்த்த படகுகளிலும் உட்கார்ந்தார்கள். அண்ணன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக எங்கள் பேச்சில் சொன்னார். மடுக்களின் பெயர்களை வரிசையாக வாசித்தார். நம்பாலே, சித்தேதே, நகோமா. ஒவ்வொரு பெயருக்கும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. மீனுக்கு ஊசி போடச் சொல்லும் ஆட்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

முடித்ததும் ஊர்த்தலைவி கேட்டார். "இதப் பாத்துட்டு மடுவ திரும்பத் தோண்டிக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"அப்ப இது யாருக்கு?"

"வேற எங்கயாச்சும் மூட நினைச்சா, அந்த ஊர்க்காரங்க இதக் காட்டலாம்."

ஊர்த்தலைவி தலையை ஆட்டினார். "சரி" என்றார். "அவங்களாவது மீன் சாப்பிடட்டும்."

ஃபைனெஸ் அக்கா எழுந்து வந்தாள். எலூபியின் மகன் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தான். அவள் துணியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். மீன் பிரித்தவர்கள் பெயரெல்லாம் போட்டிருப்பதாகச் சொன்னாயே, என் மகள் பெயர் எங்கே என்று கேட்டாள். அண்ணன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஓர் இடத்தில் விரலை வைத்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் விரலை எடுத்ததும் அந்த இடம் தவறிவிடாமல் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

"இத்துனூண்டாவா போட்டிருக்கான்?"

"அந்த இடத்துல சின்ன எழுத்துலதான் போடுவாங்க அக்கா."

"முன்பக்கத்துல நீ காட்டின உன் பேரு பெருசா இருக்கே."

அக்கா அவரைக் குத்திக் காட்டவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து பையனைத் தூக்கிக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பும் முன் பெண்கள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போய்த் தட்டில் மக்காச்சோள மாவு கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்கள். சாவு வீட்டுக்குத்தான் எங்கள் ஊரில் அப்படி மாவு கொண்டுபோவார்கள். அண்ணன் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் முழங்காலைத் தரையில் ஊன்றி, நன்றி சொல்லும் எங்கள் வழக்கப்படி மெல்லக் கைதட்டி வாங்கிக்கொண்டார். நான் அதையெல்லாம் ஒரு பையில் கொட்டி, சைக்கிளின் பின்னால் கட்டினேன்.

அன்று மாலை சோம்பாவில் அந்த மாவில்தான் ந்சிமா கிண்டினேன். தொட்டுக்கொள்ளப் பூசணி இலை. அண்ணன் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.